இலையை எடுக்காதீக

ஆனி 27, வெள்ளி

சாப்பிடுவதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி டாக்டரம்மா உத்தரவு. என்ன சாப்பிட்டேன், அதற்கு வயிறு என்ன பதில் சொன்னது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது எல்லாம் எழுத வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருசம் தம்பியைத் தூக்க ஆள் வேண்டுமென்று அப்பா நிறுத்திவிட்டார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. எழுத்தையும் மறக்கவில்லை.

"ஆச்சி, புண்ணு இல்ல, கட்டி இல்ல. மதுரையில குழாய் விட்டுப் பாத்ததுலயும் ஒண்ணும் இல்ல. பாக்க நல்ல குடல்தான். ஆனா கோவக்காரக் குடல். ஒண்ணு ஆகலைன்னா துள்ளிரும். எதெது ஆகலைன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றார்.

"எப்பச் சரியாகும்?"

"அடியோட போயிரும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வச்சுக்கிடலாம்."

கோபத்தை அடக்குவதைப் பற்றி என்னிடம் ஒருத்தி சொல்கிறாள். சிரித்து வைத்தேன்.

பால், பூண்டு, வெங்காயம், பயறு, கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் பால். வயிறு இழுத்துப் பிடிக்கும்போது போட ஒரு மாத்திரையும் தந்திருக்கிறார்.

இது மருமகள் மாரீஸ்வரிக்கு மட்டும் தெரியும். மதுரையில் துணை ஆள் இல்லாமல் குழாய் விட மாட்டோம் என்றுவிட்டார்கள், வேறு வழியில்லை. மகன் ஜெயபாண்டிக்கு முட்டுவலி என்று சொல்லியிருக்கிறது. பேத்தி சுபாவுக்கும் அதேதான். மாரீஸ்வரியிடம் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன். வயது போன காலத்தில் ஊர் சிரிக்க வேண்டாம்.

காலை: இட்லி மூன்று, சாம்பார், பால் காப்பி. வயிறு: கடமுடா. இரண்டு தடவை.

மதியம்: சோறு, பூண்டுக் குழம்பு, அவரைக்காய். வயிறு: எழுதுகிற மாதிரி இல்லை.

எனக்குச் சந்தேகம் மாரீஸ்வரி கைமேல்தான். சிவகாசிக்காரி. பூண்டை எண்ணிப் போட மாட்டாள், அள்ளிப் போடுவாள்.

ஆனி 30, திங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து ராசேந்திரன் வந்தான். என் அண்ணன் சுப்பையாவின் மூத்த மகன். அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் இந்த வாசலை மிதிப்பது, அண்ணன் செத்த பிறகு இதுதான் முதல் தடவை.

சுபாவும் ராசேந்திரன் மகன் அருண்பாண்டியும் மதுரையில் ஒரே காலேஜில் படித்தவர்கள். ஒருத்தருக்கொருத்தர் பிடித்துப் போய்விட்டதாம். முறைதான், ராசேந்திரனும் என் மகனும் மச்சான் முறை. வீட்டில் எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியில்.

"எங்களுக்குப் பூரண சம்மதம் அத்தே. ஆனா அம்மா ஒரே ஒரு வார்த்தைல நிக்கிறாக" என்றான் ராசேந்திரன்.

"உங்கம்மா எப்பவும் ஒரே வார்த்தைலதான் நிப்பா. சொல்லு."

"'சீனி வந்து நம்ம வீட்டுல கை நனைக்கட்டும். அவ கை நனைச்ச அன்னைக்குத்தான் தட்டு மாத்தணும்'னு சொல்றாக."

அந்தச் சீனி நான்தான். பெண் எடுக்கிற வீட்டிலும் கொடுக்கிற வீட்டிலும் சோறு வெறும் சோறு இல்லை. கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்து வந்தால் அதற்குமேல் பேச்சு இல்லை. இது ஊருக்கே தெரிந்தது. மதினி குருவம்மாள் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

ஜெயபாண்டி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நாளை மறுநாளோட ஆனி முடியுது. ஆடி கழியட்டும், ஆவணியில போவோம். ஒரு வாய் சாப்பிட்டு வந்துரும்மா. அவ்வளவுதான."

அவ்வளவுதானாம். "பாப்போம்" என்றேன்.

சுபா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கண்தான் மங்கல், காது இல்லை. "அப்பத்தா போக மாட்டாகம்மா. அவுகளுக்கு என்னையவிட அவுக வீம்புதான் பெருசு."

மதியம்: ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு: மூன்று தடவை. காலை இட்லி மாவு புளித்துப் போயிருக்கும்.

ஆடி 1, வியாழன்

பால் நிறுத்தி ஒரு வாரம் ஆகப் போகிறது. கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான். வயிற்று உப்புசம் பாதி குறைந்திருக்கிறது. சேலைக் கொசுவம் முன்னே இழுத்துப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதில் ஏதோ இருக்கிறது.

ஆடி 2, வெள்ளி

சுபா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "அப்பத்தா, அப்படி என்னதான் நடந்துச்சு அந்த வீட்டுல?"

சொன்னேன். ராசேந்திரன் கல்யாணம். அப்போது இவள் அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வரவே இல்லை. தெருவை அடைத்துப் பந்தல். மாப்பிள்ளைக்கு நான் அத்தை, அதனால் முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. அண்ணனே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். நான் அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குக் கலர் பட்டு. பாயசம், பருப்பு, சாம்பார் முடிந்தது. ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையாக எழுந்து போனேன். திரும்பி வந்தால் என் இலையைக் காணோம். மடித்து எடுத்துத் தொட்டியில் போட்டாகிவிட்டது. இலை கிடந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள் குருவம்மாள். அத்தனை சனத்துக்கு நடுவில் சொன்னாள், "எம் மகன் கல்யாணச் சோறு கசந்து, பந்தியில பாதியில எந்திரிச்சுப் போனவளுக்கு இன்னொரு இலை எதுக்கு?"

அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். இவள் தாத்தா பின்னாலேயே வந்தார். அவர் அங்கே எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

சுபா யோசித்தாள். "பந்தியில பாதியில எந்திரிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா அப்பத்தா? பக்கத்துல உக்காந்திருக்கவகளுக்கே அது அவமரியாதையில்ல? அப்படி என்ன வேலை?"

"இருந்துச்சு ஒரு வேலை."

"என்ன வேலைன்னு சொன்னீங்கன்னா…"

"தூங்குடி போயி."

இரவு: சோறு, சுரைக்காய்க் கூட்டு. வயிறு: இரண்டு தடவை. சுரைக்காய் முற்றல்.

ஆடி 4, ஞாயிறு

இந்த வாரம் பூண்டும் வெங்காயமும் நிறுத்தம். மாரீஸ்வரி எனக்குத் தனிச் சட்டி வைத்துவிட்டாள். வீட்டில் காரணம் கேட்டால் ஆடி மாத விரதம் என்று சொல்லச் சொன்னேன். நல்லவேளை, ஆடியில் யார் எந்த விரதம் இருந்தாலும் கேள்வி இல்லை.

வேம்பக்கோட்டைத் தங்கம் போன் பேசினாள். வீட்டுக்கு வரச் சொல்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போவதை விட்டுப் பல வருசமாகிறது. கருமி. பதினோரு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரே ஒரு கக்கூஸ் கட்டி வைத்திருக்கிறாள். எட்டயபுரம் பஸ்ஸிலும் நான் ஏறுவதில்லை. ஒருதடவை அவசரமாக நிறுத்தச் சொன்னதற்கு டிரைவர், "இது உங்க வீட்டு வண்டியா?" என்று கேட்டான். அவன் மீசையைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறேன். சாத்தூர் சினிமாக் கொட்டகைக்காரனோடும் எனக்கு ஆகாது. இடைவேளைக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டேன் என்றான்.

கோபக்காரி என்று என்னை ஊரில் சொல்லுவார்கள். சொல்லட்டும். கோபக்காரியை யாரும் "ஏன் வரல" என்று கேட்பதில்லை.

டாக்டரம்மா, இதெல்லாம் உங்களுக்கு இல்லை. நீங்கள் சோற்றுக் கணக்கை மட்டும் பாருங்கள்.

ஆடி 9, வெள்ளி

மாரியம்மன் கோவில் கூழ். கம்மங்கூழ் நல்லதுதான். ஆனால் கடித்துக்கொள்ள ஒரு கை சின்ன வெங்காயத்தைக் கொடுத்துவிட்டார்கள். பூசாரி பெண்டாட்டி பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மன் பிரசாதத்தில் பாதியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வயிறு: நாலு தடவை. அம்மன்மேல் வருத்தம் இல்லை. பூசாரி பெண்டாட்டிமேல் உண்டு.

ஆடி 11, ஞாயிறு

சேவு தின்றேன். ஒரு கைதான். சாத்தூரில் இருந்துகொண்டு சேவு தின்னாமல் இருப்பது மனுசப் பிறவிக்கு முடியாது.

வயிறு: தெரிந்த கதை.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, வாழைக்காய்ப் பொடிமாஸ். எதிலும் பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை. மாரீஸ்வரி எல்லாருக்குமே அப்படித்தான் செய்திருந்தாள். "இன்னைக்கு எல்லாம் சப்புன்னு இருக்கு" என்றான் ஜெயபாண்டி. "உங்க அம்மா விரதத்துல நாமளும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கிடுவோம்" என்றாள் அவள்.

வயிறு: சும்மா இருந்தது. முழு நாளும்.

மாரீஸ்வரி கையில் தப்பில்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஆடி 20, செவ்வாய்

டாக்டரம்மா நான் எழுதியதை வாங்கிப் பார்த்தார். சோற்றுக் கணக்கை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் படித்தார். அந்தப் பொம்பளை சிரித்துவிட்டாள்.

"பூண்டு, வெங்காயம் உங்களுக்கு மொத எதிரி. பாலு ரெண்டாவது. பயறை அப்புறமாக் கொஞ்சமாச் சேத்துப் பாருங்க. நல்லா எழுதியிருக்கீக ஆச்சி" என்றார். பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தார். "ஆனா ஆனி முப்பதாம் தேதி மதியம் நீங்க ஒண்ணுமே சாப்பிடல. மூணு தடவை போயிருக்கு."

"மாவு புளிச்சிருந்துச்சு."

"ஆடி ரெண்டு. சுரைக்காய்."

"முத்தல்."

"ஆச்சி, இந்தக் குடலுக்குச் சோறு மட்டும் காரணம் இல்ல. மனசுல ஒண்ணு உருண்டுக்கிட்டே இருந்தா இதுவும் கூட உருளும். அதுக்காக மனசுல நெனச்சு நீங்களா வரவச்சுக்கிட்டதுன்னு அர்த்தமில்ல. வலி நெசம். போறதும் நெசம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவளுக்கு அடுத்த தடவை வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இத்தனை வருசத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்வதற்கு நான் யாரிடமும் வாயைத் திறந்ததும் இல்லை.

மனசு விசயத்தை நான் நம்பவில்லை.

ஆடி 24, சனி

சுபா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பையன் அவளிடம் என்னமோ கேட்டிருக்கிறான்.

"வருவீங்களா மாட்டீங்களா அப்பத்தா? ஒத்த வார்த்தை சொல்லுங்க. மாட்டேன்னா நான் அவங்ககிட்ட சொல்லிர்றேன். தெனமும் செத்துப் பொழைக்க என்னால முடியாது."

"பாப்போம்னு சொன்னேன்ல."

"அருப்புக்கோட்டைத் தாத்தாவோட இழவுக்கே போயிட்டுப் பச்சைத் தண்ணி குடிக்காம வந்தவுகதான நீங்க. கூடப்பெறந்த அண்ணன். கருமாதிச் சோத்துக்கும் உக்காரல. சொந்த அண்ணனுக்கே எறங்காதவுக எனக்கா எறங்கப் போறீக?"

பேசிவிட்டு அழுதாள். நான் அழவில்லை.

அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலையும் பலகாரமும் எடுத்துக்கொண்டு இங்கே வருவார். இந்த வீட்டில் உட்கார்ந்து நிறையச் சாப்பிடுவார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ தாயி" என்பார். சாகிற வருசத்துத் தீபாவளிக்கும் சொன்னார். பட்டினியாக இருந்தால்தான் என்னால் பஸ் ஏற முடியும். ஊருக்குப் போகிற நாளில் முந்தின ராத்திரியிலிருந்தே நான் சாப்பிடுவதில்லை. அது என் பழக்கம். அவர் இழவுக்கும் அப்படித்தான் போனேன். அதைக் கல்நெஞ்சு என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரவு: சாப்பிடவில்லை. வயிறு: விடியும்வரை.

ஆடி 25, ஞாயிறு

சுபா எழுந்து வந்ததும் சொன்னேன். "வர்றேன்டி. தேதி குறிக்கச் சொல்லு உங்க அப்பனை."

ஆடி 29, வியாழன்

ஆவணி பன்னிரண்டு என்று முடிவாகிவிட்டது. ஜெயபாண்டியும் சுபாவும் வேலைக்குப் போனதும் மாரீஸ்வரி நுனி இலை ஒன்றை நறுக்கி, கூடத்தில் போட்டாள்.

"என்னடி இது?"

"ஒத்திகை அத்தே. அங்க என்னென்ன வைப்பாகளோ எல்லாம் வச்சிருக்கேன். எதைத் தொடணும், எதைத் தொடாமச் சாப்பிட்ட மாதிரிக் காட்டணும்னு பழகிக்கிடுங்க."

பாயசத்தை இலையில் ஒரு சொட்டு விட்டு, விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். குழம்புச் சோற்றைப் பிசைந்து ஓரமாகப் பரத்திவிட வேண்டும். நெய்ச்சோறும் வாழைக்காயும் கேரட்டும் நன்றாகச் சாப்பிட வேண்டும். அவள் குருவம்மாள் மாதிரி இடுப்பில் கை வைத்து எதிரே நின்றுகொண்டாள். "என்ன சீனி, குழம்பு எறங்கலையோ?" என்றாள். குரலைக்கூட மாற்றினாள். குருவம்மாளை இவள் நாலு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாள். எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

வயிறு: சும்மா இருந்தது.

கை கழுவும்போது மெதுவாகக் கேட்டாள். "அத்தே, முன்கூட்டியே அருப்புக்கோட்டைப் பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரவா? ஒளிச்சு ஒளிச்சு ஏன் கஷ்டப்படணும்?"

"சொன்னேன்னா உங் கையால ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டேன்."

"சரி, சொல்லல." ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனாள். "ஆனா அவுக வீட்டுல இப்ப உள்ளுக்குள்ளயே கக்கூஸ் இருக்கு அத்தே. அடுப்படி தாண்டி எடது பக்கம். ராசேந்திரன் அண்ணன் வந்தப்பப் பேச்சோட பேச்சாக் கேட்டு வச்சுக்கிட்டேன்."

இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆவணி 5, வியாழன்

பயறு சேர்த்துப் பார்த்தேன். இரண்டு கரண்டி பாசிப்பருப்பு. ஆகிறது.

ஆவணி 11, புதன்

சுபாவுக்கு வளையல் அடுக்கிப் பார்த்தோம். எனக்கு எந்தச் சேலை என்று கேட்டாள். பெட்டியை இறக்கி அந்த அரக்குப் பட்டை எடுத்தேன். மடிப்பில் கொஞ்சம் விட்டிருக்கிறது. பரவாயில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் போவேன். மதினிக்கும் ஞாபகம் வரட்டும்.

ஆவணி 12, வியாழன்

காலை: இட்லி இரண்டு, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. சீரகத் தண்ணீர். மாத்திரை ஒன்று. பட்டினி கிடந்தாலும் துள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியது எத்தனை வருசத்துக்குப் பிறகோ.

ஜெயபாண்டி காரை ஓட்டினான். வழியில் இரண்டு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். முட்டு மடங்கிக் கிடக்கிறது, நீட்ட வேண்டும் என்றேன். "என்னம்மா, முட்டு பங்க்லதான் நீளுமா?" என்றான். மாரீஸ்வரி என்னோடு இறங்கினாள்.

குருவம்மாள் வாசலில் நின்றாள். கூன் விழுந்துவிட்டது. ஆனால் பார்வை அதே பார்வை. என் சேலையைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து கொசுவம்வரை பார்த்தாள்.

"வா சீனி."

"வந்தேன் மதினி."

இத்தனை வருசத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. உள்ளே அண்ணன் படம் மாலையோடு இருந்தது. அடுப்படியைத் தாண்டி இடது பக்கம் நீலக் கதவு. பார்த்துக்கொண்டேன்.

கூடத்தில் பாய் விரித்து வரிசையாக இலை போட்டிருந்தார்கள். முதல் இலை சுவரோரம், அண்ணன் படத்துக்குக் கீழே. நீலக் கதவுக்கு நேர் எதிர்க் கோடி. மாரீஸ்வரி முந்திக்கொண்டாள். "பெரியம்மா, அத்தைக்கு முட்டு சரியில்ல. இந்தக் கதவுப் பக்கமா உக்காரட்டுமே."

"மொத இலை அவளுக்குத்தான்" என்றாள் மதினி. "நானே பரிமாறுவேன். யாரும் கரண்டியைத் தொடப்படாது."

உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் ஜெயபாண்டி, அப்புறம் சுபா, மாரீஸ்வரி, எதிர் வரிசையில் அவர்கள் ஆட்கள். மதினி குனிந்து குனிந்து வைத்தாள். உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, வடை, பாயசம். சோறு. நெய். பருப்பு. பூண்டு முழுசு முழுசாக மிதக்கிற குழம்பு. வைத்துவிட்டு நகரவில்லை. எதிரே நின்றுகொண்டாள். இடுப்பில் கை. மாரீஸ்வரி காட்டியது மாதிரியேதான்.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பாயசத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நெய்ச் சோற்றில் ஒரு வாய் எடுத்தேன். இரண்டாவது வாய். மூன்றாவது வாய் தொண்டையில் இறங்கும்போது வயிறு ஒரு சுருட்டு சுருட்டியது.

பூண்டைத் தொடவே இல்லை. பாலில் ஒரு சொட்டு. எழுதி வைத்ததில் எதுவும் இதற்குக் காரணம் இல்லை. அடக்கிப் பார்த்தேன். மாத்திரையை நினைத்தேன். அண்ணனை நினைத்தேன். நெற்றியிலிருந்து வியர்வை இலையில் விழுந்தது.

எழுந்துவிட்டேன்.

மதினி கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. "பாத்தீகளா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் சொன்னேன்ல. பாத்தீகளா."

சுபா இலையைப் பார்த்துக் குனிந்துவிட்டாள். அந்தப் பையன் எதிர் வரிசையிலிருந்து அவளைப் பார்த்தான்.

எச்சில் கையோடு பாதிக் கூடத்தைக் கடந்துவிட்டேன். அடுப்படி வாசலில் திரும்பிப் பார்த்தேன். ராசேந்திரன் பெண்டாட்டி என் இலைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். அவள்மேல் தப்பில்லை. எழுந்துபோனவர்கள் இலையை எடுப்பதுதான் வழக்கம். ஒரு முனையைத் தூக்கியும்விட்டாள்.

"இலையை எடுக்காதீக!"

என் சத்தம் எனக்கே பெரிதாக இருந்தது.

"எடுக்காதீக. வந்து உக்காருவேன். வயித்தால போகுது எனக்கு. அன்னைக்கும் அதான்."

பிறகு அங்கே நின்று பதில் கேட்க முடியவில்லை.

உள்ளே தேவைக்குமேல் இருந்தேன் என்பது உண்மை. முகம் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். வெளியே யாரும் பேசுகிற சத்தம் இல்லை. எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைத்தேன். சுபாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். கதவைத் திறந்தேன்.

வரிசையில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் எல்லாரும் இலைக்கு முன்னால் அப்படியே இருந்தார்கள். கைகளில் பருப்பு காய்ந்து போயிருந்தது. என் இலைக்குப் பக்கத்தில், தரையில் காலை நீட்டி மதினி உட்கார்ந்திருந்தாள். கையில் விசிறி. ஈ வராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எவனும் எந்திரிக்கப்படாதுன்னு சொல்லிட்டேன். உக்காரு" என்றாள்.

"எந்திரிச்ச இலையில திரும்ப உக்காரக் கூடாது மதினி."

"அது எனக்குத் தெரியாதாக்கும். உக்காருடி."

உட்கார்ந்தேன். அவள் விசிறியை வைத்துவிட்டு என் இலையில் கை வைத்தாள்.

"பூண்டு ஆகுமா?"

"ஆகாது."

குழம்பு பட்ட சோற்றையெல்லாம் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

"பாலு?"

"ஆகாது."

பாயசத்தையும் வழித்தாள். "வெங்காயம்?" கூட்டும் போனது. "அப்ப என்னத்தத்தான் தின்ப? ரசம்?"

"அதுல பூண்டு தட்டிப் போட்டிருப்பீகளே."

"போட்டிருக்கு. அப்பளம்?"

"ஒண்ணு ஆகும்."

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுபாவும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை இலைக்குப் போனது.

மதினி புதுச் சோறு வைத்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள். "அன்னைக்கே ஒரு வார்த்தை காதுல சொல்லியிருந்தா, நானே செம்புல தண்ணி எடுத்துக்கிட்டுக் கூட வந்திருப்பேன்ல. இந்த மனுசன் கட்டையில போற வரைக்கும் கேட்டாரு. 'எந்தங்கச்சிக்கு நம்ம சோறு ஏன் கசந்துச்சு?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

மேலே படத்தில் அவர் இருந்தார். நான் நிமிரவில்லை. கொஞ்சம் உப்பு கேட்டேன். வைத்தாள். வெறும் சோற்றை உப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

அப்புறம் தட்டு மாற்றினார்கள்.

திரும்பி வரும்போது சுபா முன் சீட்டை விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் அவளே, "அப்பா, நிப்பாட்டுங்க" என்றாள்.

எனக்கு வரவில்லை. ஆனாலும் இறங்கினேன்.

மதியம்: சோறு, நெய், உப்பு, வாழைக்காய், அப்பளம் ஒன்று. அண்ணன் வீட்டில். வயிறு: சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு தடவை. பிறகு இல்லை.

ஆவணி 15, ஞாயிறு

வேம்பக்கோட்டைத் தங்கம் மாதுளைத் தோலைக் காயவைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சம்பந்தமே இல்லாத ஒரு மீனாம்பிகை போனில் கூப்பிட்டு, சுண்டைவற்றல் பொடியை மோரில் கலக்கச் சொல்கிறாள். ராசேந்திரன் மாமியார் ஓமத் தண்ணீராம். மதினி அருப்புக்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டாள். இதை நான் மறக்க மாட்டேன்.

சாயங்காலம் அவளே போன் போட்டாள்.

"கல்யாணத்துக்கு மொத இலையைக் கதவோரமாப் போடச் சொல்லிட்டேன். சமையக்காரன்கிட்ட உனக்குத் தனி ரசம், பூண்டு இல்லாமன்னு சொல்லியாச்சு."

"ஊர் பூராம் சொன்னதுமாதிரி அவன்கிட்டயும் சொல்லிட்டீகளாக்கும்."

"சொல்லாம? ஒருதடவை சொல்லாம விட்டதுக்கு நாம பட்டது போதாதா? அது கெடக்கட்டும். ரசத்துல பெருங்காயம் ஆகுமா?"

"அது இன்னும் பாக்கலையே."

"பாத்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். எப்போதும் அவள்தான் முதலில் வைப்பாள்.

இரவு: சோறு, பீர்க்கங்காய், மாரீஸ்வரி வைத்த பூண்டில்லாத ரசம். நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். வயிறு: சும்மா இருந்தது.

நாளையிலிருந்து பெருங்காயம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.